மேஜையருகே நினோன்

கொலியூர்
1924 ஜனவரி 6

அன்புள்ள ஸேலி,

புத்தாண்டு வாழ்த்து. ஜனவரி முடியும்வரை யாருக்கு வேண்டுமானாலும் வாழ்த்து எழுதலாம், சண்டைக்காரர்களுக்கும் எழுதலாம் என்று என் அப்பா சொல்வார். அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. இந்தப் பக்கம் முடியும்வரை பொறுத்துக்கொள்.

நான் நன்றாக இருக்கிறேன். கடலைப் பார்த்த மாடியில் இரண்டு அறை. கீழே பெண்கள் நெத்திலிக்கு உப்புப் போடுகிறார்கள். காலையிலிருந்து அவர்களுடைய பேச்சும் மீன் வாடையும் மேலே ஏறி வந்துகொண்டே இருக்கும். என் சட்டைக் கழுத்துகளை நீ பார்த்தால் அரை நாள் திட்டுவாய். உன் சலவைக்கடை எப்படிப் போகிறது? யோன் ஆற்றில் வெள்ளம் வந்ததாகப் பத்திரிகையில் படித்தேன். உன் தெருவுக்குள் தண்ணீர் ஏறியதா?

விஷயத்துக்கு வருகிறேன். தெலாப்போர்த்தை உனக்கு நினைவிருக்கும். நம்மிடம் படம் வாங்க வந்துவிட்டு, வாங்காமல் சூப்பை மட்டும் குடித்துவிட்டுப் போவாரே, அந்த ஓவிய வியாபாரிதான். வருகிற இலையுதிர் காலத்தில் பாரீசில் என் முப்பது வருட வேலை முழுவதையும் ஒன்றாக வைத்துக் காட்டப் போகிறார். அன்றைக்கு 'சாயப்பட்டறை வெடித்துச் சிதறிவிட்டதா' என்று எழுதிய அதே பத்திரிகைகள் இன்றைக்கு என்னை 'ஐயா' என்று அழைக்கின்றன. எல்லோரும் கேட்பது ஒரே ஒரு படத்தைத்தான். அது உன்னிடம் இருக்கிறது.

அதை அனுப்பி வைப்பாயா? கண்காட்சிக்கு மட்டும் கேட்கவில்லை, ஸேலி. அதற்கு முன்னால் சில நாட்கள் அது என் கையில் இருக்க வேண்டும். கன்னத்தைச் சரிசெய்ய வேண்டும். கன்னத்தை மட்டும்தான். வேறு எதையும் தொட மாட்டேன்.

உன்
கஸ்பார்

---

ஜுவான்யி
1924 ஜனவரி 21

மதிப்புக்குரிய ஓவியர் கஸ்பார் ரூவே அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஜனவரியில் வந்ததால் பதில் எழுதுகிறேன். பிப்ரவரியில் வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

தண்ணீர் கடைப் படி வரைக்கும் வந்து திரும்பிவிட்டது. கடை நன்றாகவே போகிறது. விறைப்பும் மடிப்பும் வேண்டுமென்றால் ஊர் முழுக்க என்னிடம்தான் வருகிறார்கள்.

படம் கிடைக்காது.

ஏன் என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள், தங்களுக்கே தெரியும். ஆனாலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். என் தங்கைக்குப் பிரசவம் என்று நான் ஒசேருக்குப் போனேன். ஆறு வயது நினோனைத் தங்களிடம் விட்டுப் போனேன். தாங்கள் அவளைச் சிவப்புக் கட்டம் போட்ட மேஜை விரிப்பின் முன்னால் உட்கார வைத்து வரைந்தீர்கள். அவள், 'அப்பா, தொண்டை வலிக்குது, இறங்கவா?' என்று கேட்டிருக்கிறாள். 'இன்னும் கொஞ்ச நேரம் கண்ணு, அசையாம சும்மா இரு' என்றீர்கள். இதை வேறு யாரும் என்னிடம் சொல்லவில்லை, தாங்களே அழுதுகொண்டு சொன்னதுதான். நான் வந்து சேர்ந்தபோது டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். 'நேத்தே கூப்பிட்டிருந்தா ஊசி போட்டிருக்கலாம், அம்மா' என்றார். பக்கத்து அறையில் படம் ஈரம் காயாமல் நின்றது. கன்னத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை பெற்றவள் எவளும் அதைக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவாள்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்தப் படத்தைக் கண்காட்சியில் மாட்டினீர்கள். 'இப்படி ஒரு சிவப்பை யாரும் வைத்ததில்லை' என்று பத்திரிகைகள் எழுதின. அன்றைக்குத்தான் தாங்கள் பெரிய ஓவியர் ஆனீர்கள். நான் போய்ச் சுவரிலிருந்து கழற்றி, படுக்கை விரிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். அன்றிலிருந்து அது என் இஸ்திரி மேஜைக்கு மேலே இருக்கிறது. அங்கேயே இருக்கும்.

அவளுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. அப்பா ஓவியராக இருக்கும்போது புகைப்படம் எதற்கு என்று இருந்துவிட்டோம்.

இப்படிக்கு,
ஸேலி, சலவைக்கடை

---

கொலியூர்
1924 பிப்ரவரி 10

அன்புள்ள ஸேலி,

'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய். வாடகை கேட்டு வந்தவனைப் பார்த்துப் பேசுவது மாதிரி இருக்கிறது. திட்டு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் 'நீ' என்றே திட்டு.

நீ எழுதியது எல்லாம் சரி. ஒரு வார்த்தைகூட மாற்றுவதற்கில்லை.

ஆனால் இதையும் கேள். அந்தச் சிவப்பை நான் பார்த்தேன். பார்க்காமல் விட்டுவிட்டேன் என்றுதானே நீ நினைக்கிறாய்? இல்லை. காலையில் அவளை உட்கார வைத்தபோதே பார்த்தேன். மேஜை விரிப்பின் நிறம் கன்னத்தில் அடிக்கிறது என்று நினைத்தேன். சிவப்புத் துணி பக்கத்தில் இருந்தால் தோலில் அப்படி ஏறும். என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். மதியத்துக்குமேல் அது இன்னும் ஏறியது. வெளிச்சம் சாய்கிறது, அதனால் ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டேன் ஸேலி. ஒரு செருப்புத் தைப்பவனாகவோ தபால்காரனாகவோ இருந்திருந்தால் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்திருப்பேன்.

கண்காட்சிக்கு அனுப்பியது ஏன் என்று நீ அன்றைக்குக் கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். அதனால் அனுப்பினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் சிவப்பைத் தொடவில்லை. பாதி பிதுக்கிய சிவப்புக் குழாய்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். பாரீசில் ஒருவர் என்னைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதியிருக்கிறார். தெற்கின் கடல் என்னை ஆட்கொண்டதாம், அதனால் நீலத்துக்கும் சாம்பலுக்கும் வந்து சேர்ந்தேனாம். ஆழமான முதிர்ச்சியாம். நான் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு காரணம் சொல்ல வேண்டும்.

கண்ணை மூடினால் அந்தக் கன்னம்தான். அதைக் கொஞ்சம் வெளுக்க வைத்துவிட்டால், ஆரோக்கியமான பிள்ளையின் கன்னமாக ஆக்கிவிட்டால், எனக்கு ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கும். தயவு செய்.

கஸ்பார்

---

ஜுவான்யி
1924 பிப்ரவரி 25

கஸ்பார்,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கும் அதுதான் வசதி.

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறாய். பிள்ளை நெருப்பாகக் கொதித்தபோது தொடாத கன்னத்தை இப்போது தொட வேண்டுமா? உனக்கு நிம்மதி வேண்டுமென்று என் பிள்ளையின் கடைசி முகத்தை மாற்றுவேன் என்கிறாய். அவள் அன்றைக்கு இருந்தது அப்படித்தான். நான் ஒசேரில் இருந்ததால் அந்த நாளை நான் பார்க்கவில்லை. எனக்கு அந்த நாள் இந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

மேலும் 'கன்னத்தை மட்டும்' என்று நீ சொல்வதை நம்ப நான் நேற்றுப் பிறந்தவள் இல்லை. எந்தப் படத்தை நீ முடித்துவிட்டு விட்டிருக்கிறாய்? விற்ற படத்தைக்கூட விடமாட்டாயே. லியோனில் அந்தப் பட்டு வியாபாரி நம்மை விருந்துக்குக் கூப்பிட்டாரே, எல்லோரும் காபி குடிக்கப் போனபோது நீ நாற்காலிமேல் ஏறி, தட்டில் இருந்த கடுகு விழுதை விரலில் தொட்டு உன் படத்தின் மூலையில் தடவிக்கொண்டிருந்தாய். மஞ்சள் போதவில்லை என்றாய். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த மனிதர் பெருந்தன்மைக்காரர். பிறகு வீட்டுக்கு வருபவரிடமெல்லாம், 'இது ரூவே தன் கையால வச்ச கடுகு' என்று காட்டிக்கொண்டிருந்தாராம். கன்னத்தில் ஆரம்பிப்பாய். அப்புறம் கை சரியில்லை என்பாய். அப்புறம் ஜன்னலை நகர்த்துவாய். கடைசியில் யாரோ ஒரு பிள்ளையை எனக்குத் திருப்பி அனுப்புவாய்.

போன மாதம் பாரீசிலிருந்து ஒரு விமர்சகர் வந்தார். நல்ல கோட்டு. படத்துக்கு முன்னால் நின்று, 'அந்தச் சிவப்பு, அந்தச் சிவப்பு' என்று முனகினார். நான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னேன்: 'அது சிவப்பு இல்லீங்க, காய்ச்சல்.' உடனே எழுதிக்கொண்டார். பிறகு பத்திரிகையில் 'காய்ச்சல் கண்ட வண்ணம்' என்று அழகாக எழுதியிருக்கிறார். நான் சொன்னது அவருக்கு ஓர் உவமையாகப் போய்விட்டது. அன்றைக்கு ஒரு நீதிபதியின் சட்டை கருகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்துப் பட்டைக்குக் கொதிக்கிற தண்ணீரில் சோடா உப்புப் போடு, மீன் வாடை போகும்.

ஸேலி

---

கொலியூர்
1930 ஜனவரி 12

அன்புள்ள ஸேலி,

வாழ்த்து. ஒவ்வொரு ஜனவரியும் நான் கேட்க, நீ 'முடியாது' என்று எழுத, இதுவும் ஒரு குடும்ப வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு கேட்கவில்லை. ஒரு கூடை ஆரஞ்சு அனுப்பியிருக்கிறேன். நசுங்கியதை ஜாம் ஆக்கிக்கொள்.

கண்ணில் புரை விழுந்திருக்கிறது. வெள்ளைத் தாள் எனக்கு வெண்ணெய் நிறமாகத் தெரிகிறது. நீலம் எது, பச்சை எது என்று குழாயின்மேல் எழுதியிருப்பதைக் கீழ்வீட்டு நெத்திலிக்காரி மதாம் பூயோலைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறேன். 'கண்ணு தெரியாதவரு படத்துக்கா இவ்வளவு பேரு வந்து போறாங்க?' என்கிறாள். தெலாப்போர்த் இதை யாரிடமும் சொல்லாதே என்கிறார். என் மங்கல் படங்களை இப்போது 'கனவுத்தன்மை' என்று விற்கிறாராம்.

உனக்கு முழங்கால் வலி என்று உன் தங்கை மகன் எழுதினான். நாள் முழுவதும் நிற்காதே.

கஸ்பார்

---

ஜுவான்யி
1931 நவம்பர் 3

கஸ்பார்,

உன் கடிதம் வராமல் நானாக உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. கோபத்தில் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் புனிதர்கள் திருநாள். வழக்கம்போலச் செவந்திச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். நினோனின் கல்லுக்கு முன்னால் ஏற்கனவே ஒரு சட்டி இருந்தது. வெள்ளைச் செவந்தி. யார் வைத்தது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கல்லறைக்காரரின் மனைவி சொன்னாள்: 'நீளமா ஒருத்தர் வந்தாரும்மா, கறுப்புக் கண்ணாடி, கையில கம்பு. ரொம்ப நேரம் நின்னாரு. எந்தப் பக்கம் சலவைக்கடைன்னு கேட்டாரு.'

இவ்வளவு தூரம் ரயிலில் வந்து, கடையும் எது என்று கேட்டுவிட்டு, எதிரே ரொட்டிக் கடையில் நின்றாயாம். ரொட்டிக் கடைக்காரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. கதவைத் தட்டினால் உன் கை உடைந்துவிடுமா? திறந்திருப்பேனோ இல்லையோ, அது என் பாடு. தட்டியாவது பார்த்திருக்கலாம்.

ஸேலி

---

கொலியூர்
1931 நவம்பர் 15

என் ஸேலி,

மதாம் பூயோல் உன் கடிதத்தை எனக்குப் படித்துக்காட்டினாள். முடித்துவிட்டு, 'நியாயமாத்தானே கேக்குறாங்க' என்றாள். இதையும் அவள்தான் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. அதனால் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரொட்டிக் கடை வாசலில் நின்றேன். உன் கடைக் கண்ணாடி வழியாக உன் வெள்ளைத் தொப்பி அசைவது தெரிந்தது. உனக்குப் பின்னால் சுவரில் ஒரு சதுரம். என் கண்ணுக்கு அது வெறும் பழுப்புச் சதுரம்தான், ஆனால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கோட்டுப் பைக்குள் கை தானாகப் போயிற்று. பையில் சின்னத் தகர டப்பாவும் தூரிகையும் இருந்தன. கல்லறைக்குப் போகிறவன் எதற்காக அவற்றை எடுத்துக்கொண்டு வந்தேன் என்று கேட்காதே. அவை இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

நான் தட்டினால் நீ திறப்பாய். திட்டுவாய். திட்டி முடித்ததும் காபி போட உள்ளே போவாய், உன்னை எனக்குத் தெரியும். அந்த நேரம் எனக்குப் போதும். கண் தெரியாவிட்டாலும் அந்தக் கன்னம் எந்த இடத்தில் இருக்கிறதென்று என் விரலுக்குத் தெரியும். உன்னிடம் மீதி இருப்பது அது ஒன்றுதான், அதையும் உன் முதுகுக்குப் பின்னால் கெடுத்துவிட்டுப் போவேன். என்னால் என்னைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன்.

உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் போனேன் என்று மட்டும் நினைக்காதே.

கஸ்பார்

(நான் எழுதுகிறேன் அம்மா, ரோஸ் பூயோல். அவர் இப்போது மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார். கண் ஆபரேஷனுக்குப் போங்கள் என்று நீங்களும் ஒரு வார்த்தை எழுதுங்கள். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.)

---

ஜுவான்யி
1937 ஜனவரி 8

அன்புள்ள கஸ்பார்,

இந்த வருடம் நான் முந்திக்கொண்டேன். உனக்குப் புத்தாண்டு வாழ்த்து. ஆபரேஷன் நல்லபடி முடிந்து நீயே எழுதுகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? உன் எழுத்து முன்பைவிடக் கோணலாக இருக்கிறது, ஆனாலும் உன் எழுத்து.

பாரீசிலிருந்து அருங்காட்சியகத்தார் வந்தார்கள். வியாபாரி இல்லை, அரசாங்கம். வசந்த காலத்தில் உனக்காக மூன்று அறைகள் ஒதுக்கியிருக்கிறார்களாம். படத்தைக் கேட்டார்கள். வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

உன் ரொட்டிக் கடைக் கடிதத்தை இந்த ஐந்து வருடமும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். உனக்கு வேண்டியது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது எனக்காகத் திரும்பிப் போனாய். அதைப் படித்த பிறகு படத்தைப் பார்க்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. நான் இத்தனை காலம் என் பிள்ளையையா பார்த்துக்கொண்டிருந்தேன்? ஒவ்வொரு நாளும் இஸ்திரி போட்டுக்கொண்டே அந்தக் கன்னத்தைப் பார்த்து, 'பார், உன் அப்பா செய்ததைப் பார்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளை ஒரு சாட்சியாகக் கூண்டில் நிற்க வைத்திருந்தேன். ஆறு வயதுப் பிள்ளை. அவள் உன்மேல் உயிராக இருந்தவள். நீ வரைந்தால் போதும், சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பாள்.

இன்னொன்று. உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்ததால் நான் ஏன் ஒசேரில் இன்னொரு நாள் தங்கினேன் என்று என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தங்கைக்கு உதவிக்கு ஆள் இருந்தது. விருந்துக்காகத் தங்கினேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

படத்தை அனுப்புகிறேன். கூட இந்தக் கடிதத்தின் அடுத்த பக்கத்தில் தனியாக எழுதியிருப்பதைக் கிழித்து வைத்துக்கொள்: இந்தப் படத்தில் ஓவியர் ரூவே எந்த இடத்தைத் தொட்டாலும் அது அதன் உரிமையாளரான என் சம்மதத்தோடுதான். யாராவது கையைப் பிடித்தால் காட்டு.

கன்னத்தை வெளுக்க வை. உனக்கு நிம்மதி கிடைக்கட்டும். எனக்கு அவள் முகம் மனப்பாடம், எங்கும் போகாது.

ஸேலி

---

பாரீஸ்
1937 ஏப்ரல் 19

என் ஸேலி,

இன்று போனேன். திங்கட்கிழமை, ஆட்கள் குறைவு. முதல் அறையில் என் இளவயதுப் படங்கள், எல்லாம் கத்துகின்றன. நடு அறையில் நீலமும் சாம்பலும். அவற்றின் முன்னால் ஓர் ஆசிரியை பள்ளிப் பெண்களுக்கு என் முதிர்ச்சியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். கடைசி அறையில் நினோன் மட்டும்.

காவலாளி ஒருவர், போரில் ஒரு கையை இழந்தவர், என் பின்னாலேயே வந்தார். 'ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். உங்க கையைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாதுன்னு மேலதிகாரி சொல்லியிருக்காரு' என்றார். நீ எழுதிய தாளைக் கொடுத்தேன். உதட்டை அசைத்துப் படித்தார். 'இந்தப் பாப்பா உங்களுக்கு யாரு?' என்று கேட்டார். மகள் என்றேன். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'நான் கொஞ்சம் ஜன்னல் பக்கமா நிக்கிறேன்' என்று போய்விட்டார்.

டப்பாவைத் திறந்தேன். ஒரு வாரமாகக் கலந்து கலந்து சரிபார்த்து வைத்த நிறம், ஆரோக்கியமான பிள்ளையின் கன்னம். தூரிகையை எடுத்துக் கிட்டே போனேன்.

புரை எடுத்த பிறகு எனக்குச் சிவப்பு மறுபடியும் தெரிகிறது ஸேலி. அந்தப் படத்தை இத்தனை வருடம் நான் கண்ணால் பார்க்கவில்லை, நினைப்பில் வைத்துத்தான் வதைத்துக்கொண்டிருந்தேன். இன்று பார்த்தேன். கன்னம் மட்டும் இல்லை. உதடு காய்ந்திருக்கிறது. கண் கலங்கியிருக்கிறது. ஒரு கை மேஜை விளிம்பைப் பிடித்திருக்கிறது, இறங்குவதற்காக. இவை எல்லாவற்றையும் என் கை வரைந்திருக்கிறது. நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்து, 'அப்பா, இறங்கவா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்னமும் கேட்கிறாள். அந்தக் கன்னத்தை வெளுக்க வைத்தால் அவளுக்கு ஒன்றுமே இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆகிவிடும். 'சும்மா இரு' என்று அவளிடம் இரண்டாம் முறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கன்னத்தைத் தொடவில்லை. டப்பாவை மூடிவிட்டேன்.

ஆனால் வலது மூலையில் என் பெயர் இருந்தது. பெரிய எழுத்தில், வால் இழுத்து, அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாகப் போட்டிருக்கிறேன் பார். பிள்ளை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒருவன் தன் பெயரை எழுதி முடித்திருக்கிறான். பேனாக்கத்தியை எடுத்து அதைச் சுரண்டிவிட்டேன். மேஜை விரிப்பின் அந்த மூலையில் இப்போது வெறும் கித்தான் துணி தெரிகிறது. உன் சம்மதத்தாளில் எந்த இடத்தைத் தொட்டாலும் என்று இருந்ததால் செய்தேன். தப்பு என்றால் சொல்.

காவலாளி திரும்பி வந்து பார்த்தார். 'முகத்துல ஒண்ணும் பண்ணலியே?' என்றார். இல்லை என்றேன். என்னைக் கைப்பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். மூடும் நேரம் வரைக்கும் அங்கேயே அவளோடு இருந்தேன்.

கஸ்பார்

---

ஜுவான்யி
1937 ஜூலை 2

அன்புள்ள கஸ்பார்,

படம் நேற்று வந்து சேர்ந்தது. கூடவே அருங்காட்சியகத்தார் நாலு பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்கள், கையெழுத்துக்கு நேர்ந்த சேதம் பற்றி. அது சேதம் இல்லை, வேலை என்று பதில் போட்டேன். தெலாப்போர்த்தும் பதறிப்போய் எழுதியிருக்கிறார். பெயர் இல்லாத படத்துக்குச் சந்தையில் மதிப்பு இல்லையாம், நாளைக்கு இதை நீ வரைந்தாய் என்று யாரும் நம்ப மாட்டார்களாம். சூப்புக் குடிக்க வந்தவருக்கு நான் பதில் போடவில்லை.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கன்னத்தைத்தான் பார்த்தேன். என் பிள்ளை அப்படியே இருந்தாள். அதன் பிறகுதான் மூலையைப் பார்த்தேன். உட்கார்ந்து அழுதேன். நல்ல வேளை, கடையில் வாடிக்கைக்காரர் யாரும் இல்லை.

நீ செய்தது எனக்குப் புரிகிறது. ஆனால் முழுக்கச் சரியில்லை, கஸ்பார். அவளை வரைந்தது யாருமில்லை என்று ஆகிவிடக்கூடாது. அவள் யாரைப் பார்த்துக் கேட்கிறாள் என்று தெரிய வேண்டாமா? அதனால் படத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துக் கித்தானில் நான் எழுதிவிட்டேன். எனக்கு ஓவியர்களின் மை எல்லாம் தெரியாது. வாடிக்கைக்காரர்களின் துணியில் பெயர் குறிப்போமே, அந்த மையில் எழுதினேன். எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. உன் பேனாக்கத்திக்கும் அசையாது.

எழுதியது இதுதான்: 'நினோன். ஆறு வயது. இதை வரைந்தவர் அவளுடைய அப்பா.'

ஆகஸ்டில் கடை இரண்டு வாரம் மூடியிருக்கும். டப்பாவையும் தூரிகையையும் கொண்டு வந்தால் வா, கொண்டு வராவிட்டாலும் வா. நான் காபி போட உள்ளே போகும்போது உன்னை அவளோடு தனியாக விட்டுவிட்டுத்தான் போவேன்.

நினோனின் அம்மா,
ஸேலி